ஆறுக்குட்டியின் நீலம்

ஆறு இருந்தும் வாய் நனைக்கத் தண்ணீர் இல்லாத பூளவலசில், கோர்ட்டு ஆர்டர் போட்டுச் சாயப்பட்டறைகளை எல்லாம் இழுத்து மூடிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, பட்டறைக் கசடு கொட்டி நிரப்பிய நாற்பது ஏக்கர் குழியின்மேல் நாலடிக்குச் செம்மண் போட்டு, செம்மண்மேல் புல் போட்டு, புல்லுக்கு நடுவில் நடைபாதை போட்டு, நடைபாதை ஓரம் மூங்கில் மாதிரி பெயின்ட் அடித்த சிமென்ட் வேலி போட்டு, பசுமைச் சுற்றுலாப் பூங்கா என்று பெயரும் போட்டு ரிப்பன் வெட்டிய ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிட்டுசாமியின் கையிலிருந்து சிவப்பு நிறம் பறவையாகிப் பறந்து போனது.

முதலில் அரித்ததாம். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு அரிப்பு ஒன்றும் புதுசில்லை என்பதால் கிட்டுசாமி டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைப் பெஞ்சு முனையில் தேய்த்தார். இருபத்திரண்டு வருஷம் செவப்புத் தொட்டிக்குள் முங்கி எடுத்த கை அது. பட்டறை மூடிய பிறகும் முழங்கை வரைக்கும் மிளகாய்ப்பழம் மாதிரியே இருந்த கை. தேய்க்கத் தேய்க்க, இடது கையின் சிவப்பு தோள் ஏறி, நெஞ்சைக் கடந்து, வலது கைக்கு இறங்கி வந்து, இரண்டு கை நிறமும் மணிக்கட்டில் ஒன்றாகத் திரண்டு, சிறகு விரித்து, இரண்டு தரம் உதறிக்கொண்டு எழுந்து, மின்கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பூங்கா இருக்கும் திக்கில் போய்விட்டது.

"கிளாஸு ஒடையாமப் பாத்துக்குங்ணா" என்றார் டீ மாஸ்டர்.

கிட்டுசாமி தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்போதுதான் பிறந்த குழந்தையின் உள்ளங்கை மாதிரி வெளுப்பும் ரோஜாவுமாக, ரேகை எல்லாம் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயசில், முப்பத்துநாலு வருஷம் கழித்து, தன் கைரேகையை மறுபடி பார்த்த மனுஷன் அவராகத்தான் இருக்கும்.

அந்த வாரமே மஞ்சக் காளியப்பனுக்குச் சோறு பிசையும்போது போயிற்று. பச்சை ராசுவுக்குப் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. கண்டக்டர் ஜன்னலைத் திறந்துவிட்டு, "பறவைக்கு டிக்கெட் வேண்டாம், உங்களுக்கு எடுங்க" என்றாராம். கருப்புத் தொட்டியில் நின்ற பழனானுக்குப் போனதை அவர் பொண்டாட்டி காக்காய் என்று நினைத்து விளக்குமாற்றால் விரட்டிவிட்டு, விஷயம் தெரிந்ததும் நாள் முழுக்க அழுதாள். இப்படியாக மூன்று வாரத்துக்குள் நூற்றுப்பத்துப் பேரின் கை வெளுத்தது. பூங்காவின் குளக்கரையில், போன மாசம்தான் வாங்கிவிட்ட வாத்துகள் எல்லாம் மூன்றாம் நாளே கால் விறைத்துச் செத்த அதே குளக்கரையில், நூற்றுப்பத்துப் பறவைகள் வந்து உட்கார்ந்தன.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை? ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் பச்சையாகவும் ஓடியபோது, இந்த வருஷம் வெளிநாட்டுக்காரன் என்ன கலர் பனியன் போடப்போகிறான் என்பதை ஆற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஊர் இது. தென்னை இளநீர் சோப்பு வாசம் அடித்தபோது இளநீர் குடிப்பதை நிறுத்திவிட்டுத் தென்னையை வெட்டி உத்தரம் போட்டுக்கொண்ட ஊர். பறவையையும் எடுத்துக்கொண்டது. காலையில் வாசல் தெளித்து முடித்த கையோடு பெண்கள் பூங்கா வேலி ஓரம் போய் நின்று, தங்கள் வீட்டுப் பறவை எது என்று கண்டுபிடித்தார்கள். காளியப்பனுடைய மஞ்சள் பறவை விடிகாலையில் இருமியது. கிட்டுசாமியின் சிவப்பு, தலையை இடது பக்கம் சாய்த்துத்தான் எதையும் யோசித்தது. கிட்டுசாமியின் மனைவி தேவாத்தாள் வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, சாப்புட்டீங்களா?" என்று அதனிடம் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும் கிட்டுசாமியிடமும் அதையே கேட்டாள். கோயம்புத்தூரிலிருந்து கழுத்து நீளக் கேமராக்களோடு ஆட்கள் வந்தார்கள், இந்தப் பறவைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று கண்டுபிடித்தார்கள், புத்தகத்தில் இல்லாததால் அவற்றைத் தாங்கள் கண்டுபிடித்ததாகவும் எழுதிக்கொண்டார்கள். நுழைவுச் சீட்டு நாற்பது ரூபாய் ஆயிற்று. "என்ற கையப் பாக்க எனக்கே சீட்டா?" என்று பச்சை ராசு கேட்டதற்கு, கவுன்ட்டர்காரன், கை இப்போது உங்களிடம் இல்லையே என்று நியாயமாகவே பதில் சொன்னான்.

சந்தோஷமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். கிட்டுசாமியின் பேத்தி பிறந்ததிலிருந்து அவர் கையால் ஒரு வாய் சோறு வாங்கியதில்லை. செவப்புக் கையைப் பார்த்தால் வீறிடுவாள். இப்போது அவர் உருட்டிக் கொடுத்த சோற்றை 'ஆ' காட்டி வாங்கிக்கொண்டாள். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்று மூக்கைச் சிந்தினார். இதற்குமேல் யார் என்ன கேள்வி கேட்க முடியும்?

வசந்தாமணி கேட்டாள்.

பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிற வசந்தாமணி, ரேஷன் கடைத் தராசோடு சண்டை போட்டு ஜெயித்தவள் என்று பெயரெடுத்தவள். அவள் வீட்டுக்காரர் ஆறுக்குட்டி, ராயல் ப்ளூத் தொட்டியில் இருபத்தாறு வருஷம் நின்றவர். நீலத் தொட்டிக்காரர்கள் எட்டுப் பேரில் ஏழு பேர் செத்துப்போய், மிச்சம் இருந்த ஒரே நீலம் அவர். நாலு வருஷமாக இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில், தொழில் நோயாளி வார்டில் இருக்கும் டயாலிசிஸ் மிஷினில் நாலு மணி நேரம் படுத்து எழுந்தால் அடுத்த மூன்று நாள் உயிரோடு இருப்பார். அந்த மிஷினில் படுக்க ஒரு அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் சாயப்பட்டறையில் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி எங்கே இருக்கும்? ஆஜர்ப் பதிவேடுகளைப் பட்டறை மூடிய அன்றே முதலாளிகள் பாய்லரில் போட்டு எரித்துவிட்டார்கள். அதனால் அரசாங்கமே பார்த்து ஒரு வழி வைத்திருந்தது: வருஷத்துக்கு ஒரு தரம், மாசி மாசம், சமுதாயக் கூடத்தில் டாக்டர் வந்து உட்கார்ந்து ஒவ்வொருவர் கையாகப் பார்ப்பார். சாய நிறம் இருந்தால் அட்டையில் முத்திரை. ஊரில் அதற்குக் கைபார்க்கிற நாள் என்று பெயர். எரிக்க முடியாத பதிவேடு அந்தத் தோல் ஒன்றுதான்.

"அத்தனை பேரும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறீங்களே," என்று பைப்படியில் நின்று கத்தினாள் வசந்தாமணி. "மாசி வந்தா டாக்டரு எதப் பாத்து முத்திரை போடும்? உங்க மூஞ்சியப் பாத்தா?"

"பறவையப் பாத்துப் போடட்டும்" என்றாள் தேவாத்தாள்.

"பறவை வந்து சொல்லுமா, நான் இன்னாருட்டு கையிங்கன்னு?"

"நீ எதுக்கு அக்கா எல்லாத்துக்கும் வக்கீலு வெக்கறே? நல்லது நடந்தா நல்லதுன்னு சொல்லோணும்."

வசந்தாமணி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நல்லதை நல்லது என்று சொல்லலாம்தான். அது யாருக்கு நல்லது என்று கேட்டபிறகு.

மறுநாள் பூங்கா மேலாளர் நிர்மல்குமார் அவள் வீட்டுக்கே வந்தார். சட்டைப்பையில் இலை படம் போட்ட பேட்ஜ். ஆறுக்குட்டி கட்டிலில் படுத்திருக்க, அவர் கைகளையே பார்த்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கைவரை நீலம், நகக்கண் எல்லாம் நீலம், முள்வேலி கிழித்த பழைய தழும்பு மட்டும் கொஞ்சம் வெளிர்நீலம்.

"எல்லாக் கலரும் வந்துருச்சுங்க. நீலம் மட்டும்தான் இல்ல," என்றார் நிர்மல்குமார். "நுழைவுச் சீட்டுலயே நீலப் பறவைதான் அச்சடிச்சிருக்கோம். ஐயா ஒரு தரம் பூங்காப் பக்கம் காத்தாட வந்தாருன்னா..."

"வந்தா?"

"அதுவா வந்துரும்னு ஒரு நம்பிக்கைங்க."

"அதுவா வந்துரும். பொறவு என்ற ஊட்டுக்காரரு அட்டைக்கு நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

"அது சுகாதாரத் துறைங்கம்மா. நான் சுற்றுலா."

"நல்லதுங்க. மண்ணு எந்தத் துறை?"

நிர்மல்குமாருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதத்தானுங்க சொல்ல வந்தேன். மண்ணு சுத்தமாயிருச்சு. பறவை வந்து தங்குதுன்னா மண்ணும் தண்ணியும் சுத்தம்னு அர்த்தம், அதுக்கு மேல சோதனையே தேவையில்லைன்னு ரிப்போர்ட்டு போயிருச்சு. இங்க இனிமே பாதிப்புன்னு ஒண்ணு இல்ல. பெருமைப்படணும் நீங்க."

வசந்தாமணி எழுந்து வாசல் கதவை அகலத் திறந்தாள். ஒரு ஊரின் கையிலிருந்து விஷத்தை எடுத்து, அதையே அந்த ஊரில் விஷம் இல்லை என்பதற்குச் சாட்சியாக நிறுத்திவைக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் வாயைத் திறந்தாள். நிர்மல்குமார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவள் ஜன்னலைச் சாத்தினாள். வீட்டுக்காரர் கைக்குப் பழைய துணியைச் சுற்றிப் பனியன் நாடாவால் கட்டினாள். கைபார்க்கிற நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"அரிக்குது புள்ள" என்றார் ஆறுக்குட்டி.

"அரிக்கட்டும்."

"அது போறேங்குது. போனாப் போகட்டும், வுட்டுரு."

"போனா அதுகூட நீங்களும் போயிருவீங்க. தெரியுமில்ல?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சாதாரணமாக அதிகம் பேசாத மனுஷர். அன்றைக்குப் பேசினார்.

"ராத்திரி ஷிப்ட்டுல சாயத்தண்ணிய ஆத்துக்கு வால்வத் தொறந்து வுட்டது யாருன்னு நினைக்கறே? முதலாளியா வந்து தொறப்பான்? நாந்தேன். இருவத்தாறு வருசம். மொதல் வருசம் மீனு செத்து ஒதுங்குச்சு. ரெண்டாம் வருசம் மீனே இல்ல, ஒதுங்கறதுக்கு. இந்தக் கையிலிருந்து அந்த ஆத்துக்கு இதுவரைக்கும் உசுரோட ஒண்ணுமே போனதில்ல, வசந்தா. இது ஒண்ணாச்சும் போகட்டுமே."

"தொறக்கச் சொன்னவன் மலைமேல எஸ்டேட்டு வாங்கிப் போட்டுட்டு நல்ல காத்து வாங்கறான். தொறந்த நீங்க பாவத்தக் கழுவோணுமா? எந்த ஊரு நாயம் இது?"

"நாயம் பேசல புள்ள நானு. பறக்கறதப் பாக்கோணும்னு இருக்குது. அவ்வளவுதான்."

அவளால் எந்த நியாயத்தோடும் மோத முடியும். ஆசையோடு மோதுவது எப்படி என்று தெரியவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆறாம் நாள் காலையில் துணியைப் பிரித்தபோது அவருடைய இடது கை வெளுத்திருந்தது. நீலம் எல்லாம் வலது மணிக்கட்டுக்கு வந்து கட்டிபோலத் திரண்டு, தோலுக்கடியில் கோழிக்குஞ்சு மாதிரி துடித்தது. இன்னும் ஒரு மணி நேரமோ, ஒரு நாளோ.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். அதை அந்த ஊரைத் தவிர வேறெந்த ஊரில் பிறந்தவளும் செய்திருக்க மாட்டாள். சாயம் துணியை விட்டுப் போகாமல் நிற்க என்ன செய்வார்கள் என்பது பூளவலசில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்: உப்பும் சோடாவும். அலுமினிய அண்டாவில் வெந்நீர் வைத்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, தேவாத்தாள் வீட்டுப் பரணிலிருந்து பட்டறைக் காலத்துச் சோடாத்தூளை வாங்கிவந்து, கட்டில் பக்கத்தில் அண்டாவை வைத்து, சோடா டப்பாவைத் திறந்தாள்.

ஆறுக்குட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவள் சோடாவை அள்ளித் தண்ணீரில் போடப்போனதைப் பார்த்ததும், இருபத்தாறு வருஷத்தில் ஒரு லாட் துணியைக்கூடப் பாழாக்காத மனுஷருக்கு மனசு பொறுக்கவில்லை.

"மொதல்ல உப்பு," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல உப்பு போடு. கை ஊறட்டும். அரை மணி நேரங் கழிச்சு சோடா. எடுத்ததும் சோடாவப் போட்டயின்னா திட்டுத்திட்டா நிக்கும். சூடும் பத்தாது. அறுவது டிகிரி வேணும்."

அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். உப்பு, பிறகு சோடா, பிறகு சூடு. தோல் சிவந்து பொரிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கையை ஒரே சீராக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொடுத்தார், தொட்டியில் துணியைத் திருப்புவது மாதிரி. மணிக்கட்டிலிருந்து ஒரு சிறகின் நுனி விரல் கனத்துக்கு மேலே எழும்பியது. தண்ணீரை ஒரு தரம் அடித்தது. பிறகு தோலோடு தோலாகப் படிந்துவிட்டது.

"புடிச்சிருச்சு" என்றார் ஆறுக்குட்டி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதன்பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கைபார்க்கிற நாளன்று சமுதாயக் கூடத்தில் நூற்றுப்பத்துப் பேர் வரிசையாக நின்று தங்கள் வெளுத்த கைகளை நீட்டினார்கள். டாக்டர் அம்மாள் நல்லவர். ஒவ்வொரு கையையும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்தார், இல்லாததை எப்படிப் பார்ப்பார்? "குணமாயிட்டீங்க, சந்தோஷம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குணமானதாக எழுதப்பட்ட காளியப்பன், இருமி முடித்துவிட்டு, சரிங்க என்றார். கிட்டுசாமி மட்டும், "அம்மிணி, கைதான வெளுத்துச்சு, நொரையீரலு அப்பிடியேதான் கெடக்குது" என்றார். விதியில் நுரையீரலைப் பார்க்கச் சொல்லியிருக்கவில்லை.

கடைசியாக ஆறுக்குட்டி. வசந்தாமணி துணியைப் பிரித்தாள். டாக்டர் அம்மாள் அந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே அடித்துக்கொள்வதை அவர் விரல் உணர்ந்திருக்க வேண்டும். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு வசந்தாமணியின் முகத்தைப் பார்த்தார். வசந்தாமணி கண்ணைத் தாழ்த்தவில்லை.

"நிறம் இருக்கு," என்று டாக்டர் சொல்லி முத்திரையைக் குத்தினார்.

ஜெயித்து வந்தவள் மாதிரி அவள் அட்டையை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் ஆறுக்குட்டி, யாரோ தூங்குகிற குழந்தையைத் தந்துவிட்டுப் போனதுபோல வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு மூன்று செவ்வாய், மூன்று வெள்ளி. நாலாம் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வார்டின் கதவில் பூட்டுத் தொங்கியது. மிஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் அறையில் இருந்தவர் அவள் அட்டையை வாங்கிப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

"ஆனா பாருங்கம்மா, இந்த வருஷம் பதிவானது ஒரே ஒரு ஆளு. ஒரு ஆளுக்காக ஒரு வார்டு நடத்த விதியில இடமில்லை. கொறஞ்சது இருபது பேரு வேணும்."

"மிச்சப் பேரு இருக்கறாங்களுங்க. கைதான் வெளுத்துப்போச்சு."

"நிறம் இருக்கறவங்க இருபது பேரு."

"மாவட்ட ஆஸ்பத்திரியில?"

"பேரு எழுதிட்டு வரலாம். வரிசை ஏழு மாசம் ஓடுது."

அவள் பேசினாள். விதி என்ன, தேதி என்ன, முத்திரை குத்திய பிறகு மாற்ற யாருக்கு அதிகாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவளுடைய ஒவ்வொரு கேள்விக்கும் அவரிடம் ஒரு காகிதம் இருந்தது. கடைசியில் அவளிடம் கேள்வி தீர்ந்துவிட்டது. வெளியே வேப்பமரத்தடியில் ஆறுக்குட்டி உட்கார்ந்திருந்தார், கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

"மூடிட்டாங்களா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். "செரி வா. பஸ்ஸு வந்துரும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் அண்டாவை மறுபடி எடுத்தாள். இந்தத் தரம் சாயத்தை எடுப்பதற்கு, அவர் பார்க்க ஆசைப்பட்டதைப் பறக்கவிடுவதற்கு. எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தாள். புளி கரைத்து ஊற்றினாள், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள், ப்ளீச்சிங் பவுடர் போட்டாள். கிட்டுசாமி எங்கிருந்தோ ஒரு டப்பா ஹைட்ரோஸ் கொண்டுவந்தார். தப்பாகப் போன சாயத்தை உரிக்கப் பட்டறையில் வைத்திருப்பார்களே, அது. வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. தண்ணீர் தெளிந்தே இருந்தது. ஒரு பொட்டு நீலம்கூட அதில் இறங்கவில்லை. தோலுக்கடியில் பறவை மட்டும் ஒவ்வொரு தரமும் புரண்டது.

"போகாது புள்ள," என்றார் ஆறுக்குட்டி. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "நல்லா ஏத்துன சாயம். நானே சொல்லிக்குடுத்து ஏத்துனது. போகாது."

"நீங்க ஏனுங்க சொன்னீங்க?" அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "உப்பு மொதல்லன்னு நீங்க ஏன் சொன்னீங்க? திட்டுத்திட்டா நின்னுருந்தா ஓரமாச்சும் கழண்டிருக்குமே!"

அவர் யோசித்துப் பார்த்தார். "வேல பாழாப் போகுதேன்னு சொல்லிட்டேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தில், அவள் அவருக்கு வெளுத்த வேட்டி கட்டிவிட்டு, கிட்டுசாமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆட்டோவில் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். மூன்று சீட்டு வாங்கினாள். குளக்கரையில், நிழல் சரியாக விழாத இளம் புங்கமரத்தடியில், மரக்கட்டை மாதிரி செய்த சிமென்ட் பெஞ்சு. அதில் அவரை நடுவில் உட்காரவைத்து, துணியை அவிழ்த்து, அவருடைய வலது கையைத் தன் இரண்டு கையாலும் ஏந்தி வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். மணிக்கட்டை விரலால் பிடித்திருந்தாள்.

"போ," என்றாள். "போ சாமி. இனி யாரும் புடிக்க மாட்டோம், போ."

முதலில் சிவப்பு வந்தது. தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு ஆறுக்குட்டியின் தோளில் இறங்கியது. பிறகு மஞ்சள், பிறகு பச்சை, பிறகு கருப்பு; குளக்கரையில் இருந்த அத்தனையும் ஒவ்வொன்றாக வந்து அவர் தோளிலும் மடியிலும், பெஞ்சின் முதுகிலும், காலடிப் புல்லிலும் உட்கார்ந்து, பட்டறைக் காலத்தில் ஒரே தொட்டிக்கரையில் டிபன் பாத்திரத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தது மாதிரி, நீலத்துக்காகக் காத்திருந்தன. சுற்றுலா வந்தவர்கள் சத்தம் போடாமல் நெருங்கிவந்து படம் எடுத்தார்கள். மணிக்கட்டில் சிறகின் நுனி எழும்பும், நடுங்கும், படியும். மறுபடி எழும்பும். ஆறுக்குட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எழும்பும்போதெல்லாம் அவர் தாடையும் கூடவே எழும்பியது.

"இன்னொருக்கா," என்றார். குழந்தைக்கு நடை பழக்குகிறவர் குரலில், "இன்னொருக்கா."

வெயில் ஏறியது. கிட்டுசாமிதான் முதலில் திரும்பிப் பார்த்தார். ஆறுக்குட்டியின் தலை வசந்தாமணியின் தோளில் சாய்ந்திருந்தது. "வசந்தா," என்றார் கிட்டுசாமி, மெதுவாக.

"ஒறங்கறாரு."

"வசந்தா."

"நாடி ஓடுதுங்கண்ணா. என்ற விரலுலதான இருக்குது. நல்லா ஓடுது, நீங்களே பாருங்க."

கிட்டுசாமி மணிக்கட்டைப் பார்க்கவில்லை. கையை நீட்டி ஆறுக்குட்டியின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். குழந்தைக் கை மாதிரி வெளுத்த அந்தக் கை, கழுத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார்.

வசந்தாமணி அவரைப் பார்த்தாள். தன் விரலுக்கடியில் விடாமல் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அது யாருடைய நாடி என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் விரலை எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டிருக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கைச்சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதன் நடுவில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் சூடாக, வேகமாக, வெளியே வழி தேடிக்கொண்டிருந்தது.

கூட்டம் சேர்ந்ததைப் பார்த்துக் காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்தார். நரைத்த மீசைக்காரர், வெளியூர்க்காரர். தோளிலும் மடியிலும் உட்கார்ந்திருந்த பறவைகளையும், அவள் கைக்குள் அடித்துக்கொண்டிருந்த நீலத்தையும் பார்த்தார்.

"ஏம்மா, பறவையெல்லாம் பிடிக்கக் கூடாதும்மா. குத்தம் அது. கையை எடுங்க, அதை விட்டுருங்க."

வசந்தாமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்களுக்கு ஏத்தத்தானுங்க தெரியும்," என்றாள். "எடுக்கத் தெரியாதுங்க."